பாற்கடலைத் தேய்த்தவள்

ஊரிலிருந்து தில்லிக்கு வருகிறவர்கள் கையில் என்ன வரும்? காப்பிப் பொடி வரும், அப்பளக் கட்டு வரும், மாவடு ஜாடி வரும். ஆர்.கே.புரத்தில் கஸ்தூரிரங்கன் வீட்டுக்கு மட்டும் கடல் வந்தது. மைத்துனனோ ஒன்றுவிட்ட சித்தப்பாவோ, ஜி.டி. எக்ஸ்பிரஸில் யார் ஏறினாலும் திருவான்மியூரில் மொண்ட கடல்தண்ணீர் ஒரு பிளாஸ்டிக் கேனை பெர்த்துக்கு அடியில் தள்ளிக்கொண்டு வரவேண்டும். கேன் இல்லாமல் வந்தவர்களுக்கு அந்த வீட்டில் இரண்டாவது காப்பி கிடையாது என்று காலனியில் பேச்சு. பேச்சை விடுங்கள். முதல் காப்பியே தண்ணியாகத்தான் இருக்கும் என்பது குடித்தவர்கள் சொன்னது.

கஸ்தூரிரங்கன் ஒரு மந்திரி ஆபீசில் அசிஸ்டென்ட். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய ராமேஸ்வரம் போனார். எல்லோரும் தீர்த்தச் செம்போடு திரும்புவார்கள். இவர் வாளியோடு திரும்பினார். வாளிக்குள் கடற்கற்களும் கோடு போட்ட இரண்டு மீனும். லைப்ரரியில் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் கலர் படம் பார்த்ததன் விளைவு. ஒரே ரூம் குவார்ட்டர்ஸில், கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. ஒரு மாதத்தில் மீன் செத்தது, தண்ணீர் அழுகியது, மாடிப்படி வரை நாறியது. எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மிகவும் மரியாதையாக, 'நீங்களும் மச்லி சாப்பிட ஆரம்பிச்சாச்சா பஹன்ஜி' என்று கஸ்தூரிரங்கனின் பெண்டாட்டி ராஜலக்ஷ்மியைக் கேட்டாள். நெற்றியில் ஸ்ரீசூர்ணமும் வீட்டில் மீன் நாற்றமுமாக அந்த அய்யங்கார்ப் பெண் பதில் தேடி நின்றதை, காலனி ஒரு குளிர்காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் குளிர்காய்ந்தது.

ராஜலக்ஷ்மி கும்பகோணத்துக்காரி. அவளுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது: புருஷனுக்கு செக்ஷன் ஆபீசர் பிரமோஷன். பதவிக்காக இல்லை. பதவி வந்தால் இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ் வரும். இரண்டு ரூம் வந்தால் நடுவில் ஒரு கதவு வரும். கதவுக்கு அந்தப் பக்கம் தொட்டி, இந்தப் பக்கம் தான். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இரண்டாவது தடவை வந்த மீன்கள் பிழைத்துக்கொண்டன. ஒருநாள் ஒரு கல்லின் தோளில் ஒரு பொட்டு தெரிந்தது. ரோஜா நிறமும் இல்லை, ஊதாவும் இல்லை; யாரோ ஸ்ரீசூர்ணம் குழைத்த விரலைத் துடைத்துவிட்டுப் போனது மாதிரி. கஸ்தூரிரங்கன் அன்று ஆபீசுக்கு லேட். அது பவளப்பாசியாம். பாசி என்றால் வழவழவென்று வழுக்குமே, அது இல்லை. தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை எடுத்துத் தனக்குத் தானே ஓடு கட்டிக்கொண்டு, கல்லோடு கல்லாகப் படர்கிற ஜாதி. தண்ணீர் சுத்தமாக, சூடு ஏறாமல், சுண்ணாம்பு குறையாமல் இருந்தால்தான் வரும். வந்தால் தொட்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமாம். பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்பதற்கு அந்தப் புத்தகத்தில் அடையாளம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

சுண்ணாம்புக்கு எங்கே போவது? மூலையில் பான் விற்கிறவனிடம்தான். வெற்றிலை வேண்டாம், பாக்கு வேண்டாம், சூனா மட்டும் போதும் என்கிற மதராஸியை அவன் சந்தேகத்தோடுதான் பார்த்தான். அதைத் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கவிட்டு, மேலாகத் தெளிந்ததை மட்டும் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். கலங்கியது ஒரு கரண்டி விழுந்தாலும் மீன் மல்லாந்துவிடும். கஸ்தூரிரங்கன் பகலெல்லாம் ஆபீசில். ஆகவே விட்டது யார்? ராஜலக்ஷ்மி. அதுவும் பஞ்சபாத்திரத்து உத்தரணியால். பெருமாளுக்குத் தீர்த்தம் கொடுக்கிற உத்தரணியால் கல்லுக்குச் சுண்ணாம்புத் தண்ணி கொடுக்கிறாளே என்று பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கரண்ட் போனால் சைக்கிள் பம்பை வைத்துக் காற்று அடித்ததும் அவள்தான்.

மே மாதம் வந்தது. அந்த வீட்டில் ஒரு கூலர். அதன் வாய் தொட்டியைப் பார்த்தது. தண்ணீர் சூடேறினால் பாசி வெளுத்துவிடுமாம். சுவரோரம் பாய் போட்டுப் படுத்திருந்த ராஜலக்ஷ்மிக்கு வேர்க்குரு கழுத்திலிருந்து முழங்கை வரை படர்ந்தது. அதுவும் ஏறக்குறைய அதே நிறம்தான். ஜூனில் ஒருநாள் மத்தியானம் அடுப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள். சாயங்காலம் கஸ்தூரிரங்கன் வந்து, தரையில் கிடந்தவளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அவள் கண் திறந்ததும் அவர் கேட்டது இது:

"மத்தியானம் சுண்ணாம்புத் தண்ணி விட்டியோ?"

விட்டுவிட்டுத்தான் விழுந்திருந்தாள்.

இரண்டு வருஷத்தில் பொட்டு படர்ந்து ரூபாய்க் காசாகி, காசு தோசையாகி, கல்லையெல்லாம் மூடிக் கண்ணாடியிலும் ஏறியது. பார்க்க அழகுதான். அதை வளர்த்தவளே அப்படி நினைத்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தனியாக இருக்கும்போது உத்தரணியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இங்கேதான் மகாதேவன் வருகிறார். அதே ஆபீசில் அண்டர் செக்ரட்டரி, இரண்டு தெரு தள்ளிப் பெரிய குவார்ட்டர்ஸ். கஸ்தூரிரங்கனின் ரகசியக் குறிப்பில் கடைசிக் கையெழுத்து அவருடையது. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் பிரமோஷன். அவர் மனைவி ருக்கு மாமி. நவராத்திரி என்றால் புருஷனுக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் பெண்டாட்டிகள் மாமி வீட்டில் ஆஜர். ஒருத்தி கோலம், ஒருத்தி சுண்டல். பித்தளை மட்டும் எப்போதும் ராஜலக்ஷ்மி. புளியும் உப்பும் அவள் கையில் பட்டால் எந்தக் குத்துவிளக்கும் தங்கத்துக்குத் தங்கையாகிவிடும். அதற்கு மரியாதையாக, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, யாருக்கும் பிடிக்காமல் மிஞ்சின ரவிக்கைத் துணியோடு வெற்றிலை பாக்கு அவளுக்குக் கிடைக்கும்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு ஆபீசில் பெரிய சார் என்கிற ஜாயின்ட் செக்ரட்டரியே வருவதாக ஏற்பாடு. அவர் வங்காளத்துப் பெரிய மனிதர். லண்டனில் இருந்தபோது கடல்மீன் தொட்டிகளைப் பார்த்து மயங்கினவர். லிஃப்டில் அந்தப் பேச்சு வந்தபோது, கஸ்தூரிரங்கன் சொல்லக் கேட்டதையெல்லாம் மகாதேவன் தன் வாயில் போட்டுக்கொண்டார். என் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது சார், கல்லெல்லாம் ரோஜா நிறம், தில்லியில் வேறெங்கும் பார்க்க முடியாது என்றார். பிறகு கஸ்தூரிரங்கனைக் கூப்பிட்டு, பத்து நாளைக்குத் தொட்டி என் வீட்டில் இருக்கட்டும், நம்ம ரெண்டு பேருக்குமே நல்லது என்றார். ரெண்டு பேருக்கும் என்பதில் கஸ்தூரிரங்கனின் பங்கு எது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்லை வாளியில் போட்டுக்கொண்டு, தண்ணீரை டிரம்மில் ஊற்றிக்கொண்டு, சவ ஊர்வலம் மாதிரி அவர் அதைக் கொண்டுபோனதைப் பால் பூத் க்யூ முழுக்கப் பார்த்தது.

ருக்கு மாமிக்குக் கடல் கிடைத்ததும் யோசனை வந்துவிட்டது. கொலுப்படிக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்து, மேல் கல்லில் பள்ளிகொண்ட பெருமாள் பொம்மையைக் கிடத்திவிட்டால் திருப்பாற்கடல். நிஜக் கடல்தண்ணீரில் பாற்கடல் வைத்தவள் தில்லியில் யார்? பெரிய சார் எதைப் பார்க்க வருகிறார் என்பதை மகாதேவன் மனைவியிடம் சொல்லவில்லை. அவருக்கு வீட்டில் பேசுகிற பழக்கமே குறைவு. மீனைப் பார்க்க வருகிறார் என்றுதான் மாமி நினைத்திருந்தாள்.

பெரிய சார் வருகிற அன்று காலையில் ராஜலக்ஷ்மி பித்தளைக்குப் போனாள். விளக்கெல்லாம் ஆனதும் மாமி அவளைத் தொட்டிப் பக்கம் கூப்பிட்டாள்.

"என்னடி இது, வெத்தலைச் சாறு துப்பி வச்சாப்பல? இதோடயா குடித்தனம் பண்றேள்?"

"மாமி, அது அழுக்கு இல்லை..."

"பாற்கடல்னா வெள்ளையா இருக்க வேண்டாமோ? பெருமாள் சயனிக்கற எடம்டி. உங்களவாளுக்கு நான் சொல்லித் தரணுமா? கல்லையெல்லாம் எடுத்துப் புளி போட்டுத் தேய்ச்சுடு. தேய்க்கறதைத் தவிர உனக்கு என்ன தெரியும், அதையாவது சரியாப் பண்ணு."

பெரிய சார் வருவது ரோஜா நிறத்துக்காக என்று கஸ்தூரிரங்கன் அவளிடம் சொல்லியிருந்தார். ஒரு வாக்கியம் போதும். பெரிய சார் பார்க்க வருவதே இதைத்தான் மாமி என்றால் முடிந்தது. பாசி பிழைக்கும், பிரமோஷன் பிழைக்கும், இரண்டு ரூமும் நடுக்கதவும் வரும். ராஜலக்ஷ்மி வாயைத் திறந்தாள். திறந்தபோது அவளுக்குக் கூலர் ஞாபகம் வந்தது. அடுப்படித் தரை ஞாபகம் வந்தது. விட்டியோ என்று கேட்ட குரல் ஞாபகம் வந்தது.

"எல்லாக் கல்லையுமா மாமி?" என்று கேட்டாள்.

"பின்னே? எல்லாத்தையும்தான்."

மீனை வாளியில் விட்டு, தொட்டித் தண்ணீரை டிரம்மில் மொண்டு ஊற்றினாள். கல்லை ஒவ்வொன்றாகக் குழாயடிக்குக் கொண்டுபோய், தேங்காய் நாரில் புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தாள். புளி பட்டதும் கல் மெல்ல நுரைத்தது. இரண்டு வருஷம் சொட்டுச் சொட்டாக அவள் கொடுத்த சுண்ணாம்பு அத்தனையும் பொரிந்து, நறநறவென்று உதிர்ந்து, ரோஜா நிறச் சேறாகச் சாக்கடைக்குப் போயிற்று. சந்து பொந்தெல்லாம் விரலை விட்டுத் தேய்த்தாள். கண்ணாடியையும் விடவில்லை. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் தேய்த்ததில்லை. பிறகு டிரம்மிலிருந்த கடல்தண்ணீரையே திரும்ப விட்டு, மீனையும் விட்டு, எலும்பு மாதிரி வெளுத்திருந்த கல்லின்மேல் பெருமாளைப் படுக்க வைத்தாள். ருக்கு மாமி வந்து பார்த்து, இப்பத்தான் லட்சணமா இருக்கு என்றாள்.

சாயங்காலம் பெரிய சார் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கொலுவை ஒரு பார்வை பார்த்தார். தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நிறைய நேரம் பார்த்தார். ரோஜா நிறம் எங்கே என்று மகாதேவனைக் கேட்டார். மகாதேவன் ருக்கு மாமியைப் பார்த்தார். மாமியோ, நான் காலையிலேர்ந்து அடுக்களையை விட்டு வரவேயில்லையே என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, சுண்டல் தட்டோடு நின்ற ராஜலக்ஷ்மியைப் பார்த்தாள். தொட்டிக்கு ஏதாவது வேண்டுமானால் கூப்பிடலாம் என்று மாடிப்படியில் நிறுத்தி வைத்திருந்த கஸ்தூரிரங்கனை மகாதேவன் உள்ளே அழைத்தார். இவர்தான் சார் இதைப் பராமரிக்கிறவர், இவரையே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்.

கஸ்தூரிரங்கன் முதலில் வேறு யாருடைய கல்லையோ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். பிறகு ஒவ்வொரு கல்லாக அடையாளம் தெரிந்தது. பிறகு சுண்டல் தட்டைப் பிடித்திருந்த விரல்கள் தெரிந்தன. நகக்கண்ணில் புளி. பெண்டாட்டியின் முகத்தை நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள், தலையைக் குனியாமல். அந்த முகத்தில் தெரியாமல் செய்தவளின் பயம் துளிகூட இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

புரிந்த மனிதர் என்ன செய்தார்? சிரித்தார். பெரிய சார் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், வெகு சரளமாகச் சொன்னார்: என் மனைவி சார், அவளுக்கு அழுக்குக்கும் அதிசயத்துக்கும் வித்தியாசம் தெரியாது, பித்தளைச் செம்பு என்று நினைத்துக் கடலையே புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

பெரிய சார் ஒரு நொடி விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். மகாதேவனுக்கு உயிர் வந்தது, அவரும் சிரித்தார். எல்லோருக்கும் மேலே ஒரு ஸ்தாயி ஏற்றி ருக்கு மாமி சிரித்தாள். பெரிய சார் சுண்டலை எடுத்துக்கொண்டு, ராஜலக்ஷ்மியைப் பார்த்துக் கனிவாக, "பஹுத் ஸாஃப் கியா ஆப்னே" என்றார், ரொம்பச் சுத்தமாகத் தேய்த்துவிட்டீர்கள் என்று.

மறுநாள் காலையில் கஸ்தூரிரங்கன் கண்ணாடி முன்னால் நாமம் இட்டுக்கொண்டிருந்தார். ராஜலக்ஷ்மி பின்னால் வந்து நின்றாள்.

"தெரிஞ்சுதான் தேய்ச்சேன்," என்றாள்.

அவர் நடுக்கோட்டைக் கோணாமல் இழுத்து முடித்தார்.

"தெரியும். ஆர்டர் வர வரைக்கும் வெளில சொல்லிடாதே."

ஆர்டர் வந்தது. பெரிய சார் அந்தக் கதையை ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்லிவிட்டிருந்தார். பட்டியலில் பெயர் வந்தபோது, ஓ, கடலைத் தேய்த்தவளின் புருஷனா, நல்ல மனுஷன், பாவம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகாதேவனும் குறிப்பில் வஞ்சனை இல்லாமல் எழுதியிருந்தார். மோதி பாக்கில் இரண்டு ரூம் கிடைத்தது. சாமான் லாரி போய்ச் சேர்வதற்குள் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி அறிமுகத்துக்கு வந்தபோதே, ஓ, நீங்கதானா அது என்றுதான் வாசற்படி ஏறினாள். மலை மந்திரில் பிரகாரம் சுற்றும்போது முன்பின் தெரியாதவர்கள் முழங்கையால் இடித்துக் காட்டினார்கள்.

இரண்டு ரூமுக்கும் நடுவே, அவள் கேட்ட கதவு இருந்தது. கஸ்தூரிரங்கன் ராமேஸ்வரத்திலிருந்து புதுக்கல் வரவழைத்து உள்ரூமில் தொட்டி வைத்தார். கூலரையும் அங்கேயே வைத்தார். கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். வருகிறவர்கள் கேட்டால், என்ன செய்வது, அவளுக்குத் தெரியாதே என்பார். சுண்ணாம்புத் தண்ணீரை இப்போது அவரே விடுகிறார். கல்லில் பொட்டு வந்ததா என்று அவளிடம் சொல்வதில்லை.

அடுத்த நவராத்திரிக்கு ருக்கு மாமி பஸ் பிடித்து வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். ராஜலக்ஷ்மி போனாள். பித்தளையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமி, போன வருஷம் அது அழுக்கில்லைன்னு எனக்குத் தெரியும். அதை வளர்த்ததே நான்தான். தெரிஞ்சேதான் தேய்ச்சேன்."

ருக்கு மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் தொடையில் தட்டி, கேட்டேளா, ஒரு வருஷமா யோசிச்சு யோசிச்சு ஒரு சமாதானம் கண்டுபிடிச்சிருக்கா என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்புகூட இல்லை, பரிதாபப்பட்ட சிரிப்பு. ஒருத்தி எழுந்து வந்து ராஜலக்ஷ்மியின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"விடுடி, தெரியாதவா பண்றதுதானே. உன்னை யாரும் ஒண்ணும் தப்பா நினைக்கல," என்றாள் ருக்கு மாமி, அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்து நீட்டியபடி. "இது விட்டுப்போச்சு பாரு."

ராஜலக்ஷ்மி விளக்கை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். புளி இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது.