முதுகில் விழும் தண்ணீர்

"நல்லா குனிஞ்சு முதுகைக் காட்டணும் மதினி. அங்கன நடுவுல விழுது பாருங்க, அதுதான் சரியான அடி. கொஞ்ச நேரம் நின்னாப் போதும், வலி ஓடியே போயிரும்."

"குளிருது ஜெயசித்ரா."

"இன்னும் நனையவே இல்ல, அதுக்குள்ள குளிருதாம்! ஆட்டுக்குட்டிகூட இப்படி நடுங்காது."

ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உலகம்மையும் சிரித்து வைத்தாள். கணவனின் தங்கை, பாவம், வடகரையிலிருந்து காலையிலேயே தென்காசிக்கு வந்து, மதினியின் முதுகில் எண்ணெய் தேய்த்து, சாரல் இருக்கும்போதே குளித்துவிடலாம் என்று பேருந்தில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறாள். தேய்க்கும்போது ஓரிடத்தில் விரல் அழுந்தியதும் உலகம்மைக்கு உயிர் போய் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு எட்டு வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை. டாக்டர் எழுதியது சில மாதத்துக்குத்தான். பிறகு அவளே பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டாள். அதை விழுங்கினால் விரல்கள் மடங்கும், சோறு பிசையலாம், மகளுக்குச் சடை பின்னலாம். போன வாரம் புது டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்: "மாத்திரை எலும்பை அரிச்சிருக்கும்மா. முதுகெலும்புல ஒண்ணு லேசா நசுங்கியும் இருக்கு. கனம் தூக்காதீங்க, வழுக்கி விழுந்துராதீங்க, முதுகுல அடியே படக் கூடாது. அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க, அது ஆபத்து. நான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கேன்."

முதல் பாதி காதில் விழுந்த உடனேயே கணவர் இசக்கிதுரை மாத்திரையைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசிவிடுவார். மீதியைக் கேட்கிற பொறுமை அவருக்குக் கிடையாது. மறுநாள் அவள் விரல்கள் கட்டையாகக் கிடக்கும். வேறு என்னவெல்லாம் ஆகுமோ.

வரிசை நகர்ந்தது. காலடியில் பாசி. இன்றைக்குத் தண்ணீர் மூட்டை மூட்டையாக இறங்கியது. தன் முதுகெலும்பு டீயில் முக்கிய ரஸ்க் என்று அவளுக்குத் தோன்றியது. எடுக்கும்போது முழுசாகத்தான் இருக்கும், உதடு படும்போது உதிரும்.

"ம், நம்ம முறை. வாங்க!"

ஜெயசித்ரா கையைப் பிடித்து இழுத்தாள். உலகம்மை மறுகையால் கம்பியைப் பற்றிக்கொண்டாள். திவலைகள் முகத்தில் அறைந்தன. பின்னாலிருந்து யாரோ, "ஏட்டி, குளிக்கியா, இல்ல வேடிக்கை பாக்கியா?" என்று சத்தம் போட்டாள்.

"ஜெயசித்ரா, இழுக்காத. என் முதுகு தாங்காது, உள்ள எலும்பு நசுங்கிக் கிடக்கு."

இழுத்த கை நின்றது. ஜெயசித்ராவின் முகத்தில் சிரிப்பு பாதியில் அப்படியே நின்றது.

"எல்லாத்தையும் சொல்லுதேன். உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லாம இரு, ஏட்டி."