சட்டை கழற்றாதவன்

கூட வேலை பார்க்கிற குண்டக்கா அதைச் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த அவள் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்தது.

"உன் வீட்டுக்காரரு இப்பல்லாம் சட்டையோடவே மூட்டை தூக்குறாராமே? எங்காளு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு."

துணி கருகும் வாடை வந்த பிறகுதான் அவள் பெட்டியைத் தூக்கினாள். விடுதிக்குப் போக வேண்டிய படுக்கைவிரிப்பில் பழுப்பாக ஒரு தடம் விழுந்திருந்தது. சலவைக்கூடத்து முதலாளி பார்ப்பதற்குள் அதை மடித்து மற்றவற்றுக்கு அடியில் செருகினாள்.

வெளியாட்களுக்கு இது ஒரு சேதியே இல்லை. அவள் புருஷன் வேலை செய்யும் சிமென்ட் கிடங்கில் சுமை தூக்குகிறவர்கள் அத்தனை பேரும் வெற்றுடம்போடுதான் வேலை செய்வார்கள். சட்டைக்குள் புகுந்த தூள் வியர்வையில் குழைந்து தோலைத் தின்றுவிடும். அப்படியும் ஒருவன் சட்டையைக் கழற்றவில்லை என்றால், முதுகில் எவளோ நகத்தால் கீறியிருக்கிறாள், அதை மறைக்கிறான் என்று அர்த்தம். "யாருடா உன் முதுகுல கையெழுத்துப் போட்டது?" என்று கேட்பார்கள். அவன் மீசையைத் தடவிக்கொள்வான். அன்றைக்கு அவன் வீட்டில் பாத்திரம் உருளும்.

அவளுக்கோ கீறுவதற்கு நகமே கிடையாது. சலவைச் சோடா எல்லாவற்றையும் எப்போதோ தின்றுவிட்டது. அது போகட்டும், புருஷன் அவளைத் தொட்டே பல மாதமாகிறது.

அதன் பிறகு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. தினமும் சவரம் செய்கிறவன் இப்போது கத்தியைத் தொடுவதே இல்லை, ஆனாலும் முகம் மழமழவென்று இருக்கிறது. தாடி குத்துகிறது என்று எவளோ சிணுங்கியிருப்பாள், போகிற வழியில் கடையில் மழித்துக்கொள்கிறான் என்று நினைத்தாள். புதிதாகப் பனியன் வாங்கியிருந்தான், எல்லாம் உடம்பைப் பிடிக்கிற அளவு. இந்த வயதில் இளசு வேஷம். படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான், கேட்டால் தலைவலி. ஒருநாள் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்துவிட்டு, அடுத்த நிமிடமே கண் கலங்கினான். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன?

அவள் குளியலறைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். இடுப்பு பெருத்துவிட்டது. மாதவிலக்கு வந்தால் வெள்ளம், இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் ஆளையே காணோம். எல்லாவற்றையும்விடக் கேவலம், மோவாயில் கறுப்பாக முளைக்கிற முடி. கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரப் பிடுங்குவாள். யாரிடம் பேசினாலும் கை தானாக மோவாய்க்குப் போய்விடும். இந்த மூஞ்சியை எவன் தொடுவான்? அந்த இன்னொருத்திக்கு அவள் மனத்தில் கண்ணில்லை, மூக்கில்லை. வழுவழுப்பான ஒரு மோவாய் மட்டும் இருந்தது. தெருவில் போகும்போதெல்லாம் பெண்களின் மோவாயையே பார்த்துக்கொண்டு போனாள்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கிடங்குக்கே போய்விட்டாள். உண்மையென்று தெரிந்தால் வீட்டுக்குத் திரும்புவதில்லை, நேராகத் தன் அக்கா வீடுதான் என்ற முடிவோடு போனாள்.

லாரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே எடைக்காரி. மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான் அவன், சட்டையோடு. எடைக்காரியின் மோவாய் சோப்புக்கட்டி மாதிரி இருந்தது.

"நல்லா காத்து வாங்குறாரு போல" என்றாள் இவள்.

"யாரும்மா நீ?"

"அவருக்குச் சோறு போடுறவ. நீ என்னத்தப் போடுற?"

எடைக்காரி எழுந்துவிட்டாள். "ஓ, நீதானா? உன்னத்தான் தேடிட்டிருந்தேன். ஒன் ஆளக் கூட்டிட்டுப் போ தாயே! வெயில்ல சுருண்டு சுருண்டு விழுந்தாரு, பாவமேன்னு உக்கார வெச்சேன். அதுக்கு எனக்குக் கெடச்ச பேரு தெரியுமா? எம் புருஷன் எங்கூட மொகங்குடுத்துப் பேசுறதில்ல."

"நெருப்பில்லாமயா இவ்வளவு பேரு பேசுவாங்க?"

"பேசவிடுறதே ஒன் ஆளுதான்! அவனுங்க கேலி பண்ணா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுறாரா? இளிச்சுக்கிட்டு நிக்கிறாரு. எனக்குத் தைராய்டு கெட்டப்ப இப்பிடித்தான், நின்ன எடத்துல தூங்குவேன். ரத்தம் குடுத்துப் பாருங்கண்ணேன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். ஒரே வீட்ல இருக்க, ஒனக்குத் தெரியலையா?"

இவள் தூங்குகிறவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் விழுந்ததை எடைக்காரி பார்த்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை, என்று நினைத்துக்கொண்டாள்.

சத்தத்தில் விழித்தவன் அவளை மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"கழட்டுய்யா சட்டைய. எங்க கீறியிருக்கான்னு நான் பாக்கணும்."

அவன் நாலு பக்கமும் பார்த்தான். பொத்தான்களை அவிழ்த்து, பிடித்துக்கொண்டிருந்த பனியனைக் கழுத்துவரை சுருட்டினான். முதுகு வெறுமையாக இருந்தது. திரும்பினான். மார்பு இரண்டும் வயசுக்கு வருகிற பெண்ணுக்குப் போல வீங்கியிருந்தன. மூட்டை உரசி உரசிச் சிவந்து கிடந்தன.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்றதுக்கென்ன?"

"என்னன்னு சொல்ல? இது தெரிஞ்சா இந்தப் பசங்க எனக்கு என்ன பேரு வெப்பானுங்க? வெப்பாட்டி வெச்சிருக்கான்னு சொன்னா சொல்லிட்டுப் போறானுங்க. அதுல ஆம்பளங்கற மரியாதையாவது மிஞ்சுது."

"ஒன் மரியாதைக்கு ஊறுகாய் நானா? நான் ஒருத்தி அங்க வெந்து செத்துட்டிருக்கேன்!"

பனியனை அவளே வெடுக்கென்று இழுத்துவிட்டாள். வலியில் அவன் பல்லைக் கடித்தான். இல்லாத ஒருத்தியை ஊருக்குக் காட்டியிருக்கிறான், இருக்கிற இவளுக்குத் தன் உடம்பைக் காட்டவில்லை. கோபம் ஆறவில்லை, ஆனால் அக்கா வீட்டுப் பக்கம் கால் போகவுமில்லை.

அன்று சாயங்காலமே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா அவன் சொன்னதையெல்லாம் கேட்டாள். "ஆம்பளைங்களுக்கு ஹார்மோன் கொறஞ்சா இப்படி ஆகும். ஆச போயிடும், தாடி கொறையும், சோர்வா இருக்கும், மாரு வீங்கும். ஏன் கொறையுதுன்னு பாக்கணும். தலவலி வேற இருக்குன்னா ஸ்கேனும் தேவப்படலாம். மொதல்ல காலையில வெறும் வயித்துல ரத்தம் குடுங்க."

"சரியாயிடுமா?" என்று கேட்டாள் இவள்.

"காரணம் தெரியட்டும்மா. நீங்க எதுக்கு மோவாயப் பிடிச்சிட்டே பேசுறீங்க? கைய எடுங்க." டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். "மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

அவள் தலையாட்டினாள், இல்லையென்று. அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "இவளுக்கென்ன? இவ நல்லாத்தான் இருக்கா."

"நீங்களும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டிருந்தீங்க. ரெண்டு பேரும் குடுங்க."

மறுநாள் காலை பரிசோதனைக்கூடத்தில் ஒரு சின்னப் பெண் அவன் கையில் ரப்பரைக் கட்டினாள். நரம்பைத் தட்டித் தடவி, "சூப்பர் நரம்புண்ணே, தேடவே வேணாம்" என்று சிரித்தாள். அவனும் லேசாகச் சிரித்தான். சுருக்கென்றது இவளுக்கு. அந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

"அடுத்து அக்காவா? உக்காருங்க."

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவன் எழுந்து வழிவிட்டான். அவள் உட்கார்ந்தாள். நாற்காலியில் அவன் உடம்புச் சூடு இருந்தது. அந்தப் பெண் நரம்பு கிடைக்காமல் முழங்கை மடிப்பில் தேடிக்கொண்டே இருந்தாள். இவள் அவசரப்படுத்தவில்லை. அந்தச் சூடு ஆறிவிடக் கூடாதென்பதுபோல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.