ஒரு வருஷம் போதும்

நாடே முடங்கிய அந்த வருஷத்தில்தான் இராஜகுமாரியின் மசாலா மில்லும் முடங்கியது. மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலயில் பேர் சொல்லும்படி ஓடிய மில் அது. மின்சாரமும் இல்லை, டீசலும் இல்லை என்றானதும் கடனுக்கு வாங்கிய மிளகு மூட்டையிலேயே பூஞ்சை பிடித்தது. மெஷின்களை விற்றுக் கொடுத்தும் கடன் தீரவில்லை. நீதிமன்றம் அவளை, கடனடைக்க வழியற்று வங்குரோத்தானவள் என்று அறிவித்தது. அதன்பிறகு சொந்தப் பேரில் தொழில் தொடங்க முடியாது. எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டபோது, வக்கீல் கஜீபன் கையை விரித்தான்.

மூன்று வருஷம் கழித்து அவனே போன் பண்ணினான்.

"அக்கா, புதுச் சட்டம் போட்டு அந்தத் தடைக் காலத்த ஒரே வருஷமா குறைக்கப் போறாங்களாம்! மாத்தளையில மக்கள்கிட்ட கருத்துக் கேக்குறாங்க. நீங்க வந்து பேசணும்."

இராஜகுமாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் பஸ்ஸிலேயே போய் மண்டபத்தில் முன்வரிசையைப் பிடித்தாள். பேசக் கூப்பிட்டதும் எழுந்தாள்.

"நான் யாரையும் ஏமாத்தலங்க. எதையும் மறைக்கவும் இல்ல. எனக்கு நாப்பத்திமூணு வயசு. மறுபடி உழைக்க விடுங்க."

உட்காரத் திரும்பியவள் திடுக்கிட்டாள். பின்வரிசையில் ஹவ்வா கை தூக்கியிருந்தாள். ரத்தோட்டை மிளகு வியாபாரி. இராஜகுமாரிக்குக் கடன் கொடுத்து அதிகம் நட்டமடைந்தவளும் அவள்தான். 'தொலைந்தோம்' என்று இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இவகிட்ட காசு விட்டது நான்தான் சேர்," என்றாள் ஹவ்வா. "கோபம் இல்லாம இல்ல. ஆனா இவளக் கட்டிப்போட்டதால எனக்கு ஒரு சதம் வந்திச்சா? மில் ஓடியிருந்தா என்கிட்ட மிளகாவது வாங்கியிருப்பா. ஒரு வருஷம் போதும். எழுதிக்கோங்க!"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. இராஜகுமாரி அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுவருஷம் சட்டம் வந்தது. பழைய வழக்குகளுக்கும் அது பொருந்தியது. வங்குரோத்திலிருந்து விடுதலைக் கட்டளை கைக்கு வந்த அன்றே, புதுத் தொழிலைப் பதியப் பிரதேச செயலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"உரிமையாளர் பேர்?"

"இராஜகுமாரி அழகர்சாமி!" வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வந்து ஹவ்வாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ரெண்டு மூட்டை மிளகு வேணும். நாளைக்கே!"

"கடனுக்குத் தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்," என்றாள் ஹவ்வா. பிறகு, "விலையில பாத்துச் செய்றேன், வா."