ஏழு பேரின் மூச்சும் எல்வியின் காபியும்

1983 பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஃபின்லாந்தின் ரோவனியெமி நகரில் குளிர் மைனஸ் இருபத்தாறு டிகிரி. அப்போது யால்மரி என்ற மரம்வெட்டி, அங்குள்ள ஆய்வு நிலையத்தின் தொட்டியில், பதினைந்து டிகிரி தண்ணீரில், கழுத்தளவு மூழ்கி உட்கார்ந்திருந்தார்.

முகத்தில் மூச்சுக்குழாய் பொருத்திய முகமூடி. வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாத இடத்தில் ஒரு வெப்பமானி. அவர் எட்டாவது ஆள்; கடைசி ஆள். பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றவள் ரைலி. முனைவர் பட்டத்துக்காக இரண்டு வருடமாக ஆண்களை ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

மூச்சுக்குக் கரியமிலவாயுதான் முதலாளி. சுவாசிக்கும் காற்றில் அதைக் கொஞ்சம் கூட்டினால் மனிதன் வேகமாக மூச்சு வாங்குவான். உடம்பு குளிர்ந்துவிட்டால் முதலாளி அதட்டினாலும் அந்த வேகம் வராது என்பது எலிகளைச் சோதித்துக் கண்ட விஷயம். ஆனால் ரைலியின் ஏழு ஆண்களிடம் வேகம் துளியும் குறையவில்லை. ‘வடக்கத்தி ஆணின் மூச்சு குளிருக்குப் பணியாது’ என்று அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் நிக்கானென் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். ரோமத் தொப்பியோடு அவர் படமும் வந்தது. இந்த முடிவை நம்பித்தான் ரைலி ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். மார்ச் முதல் தேதிக்குள் எட்டு பேரின் அளவுகளும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

ஒன்றே கால் மணி நேரத்தில் யால்மரியின் உடல்வெப்பம் ஒரு டிகிரி இறங்கியது. பற்கள் தந்தி அடித்தன. ரைலி வாயுவைத் திறக்கப் போகும்போது அவர் முகமூடியை விலக்கினார்.

“அம்மணி, அவசரமா ஒண்ணுக்குப் போகணும்.”

“இன்னும் இருபது நிமிஷம் அடக்குங்க.”

“நாலு கப்பை எப்படிங்க அடக்குறது?”

“என்னது நாலு கப்?”

“காபிதான். கீழ ஆபீஸ்ல எல்வி குடுத்தது.”

ரைலி வாயுக் குழாயிலிருந்து கையை எடுத்தாள். காபி, டீ, புகையிலை என்று மூச்சைத் தூண்டுகிற எதையும் முந்தின நாள் மதியத்திலிருந்து தொடக்கூடாது என்பது விதி.

“தொடலைன்னு கையெழுத்துப் போட்டீங்களே?”

“போட்டேன். சத்தியமா வீட்ல ஒரு சொட்டு குடிக்கல. பொண்டாட்டி சாட்சி.”

“அப்ப இது?”

“இது உபசாரம்ங்க. ஒருத்தர் ஊத்திக் குடுக்கிறதை வேணாம்னு சொல்ல நான் என்ன காட்டுமிராண்டியா?”

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் எல்விக்கு வயது ஐம்பத்தெட்டு. ரைலி கீழே போனபோது ஏலக்காய் ரொட்டியை வில்லை போட்டுக்கொண்டிருந்தாள்.

“எல்வி, சோதனைக்கு வர்றவங்களுக்குக் காபி குடுக்கிறீங்களா?”

“குடுக்காம?”

“எல்லாருக்குமா?”

“அந்த ராணுவக்காரன் ஆறு கப் குடிச்சான். அவனுக்குத் தனியா இன்னொரு தடவை போட்டேன்.”

“காபி கூடாதுன்னு கதவுல ஒட்டியிருக்கேனே!”

“ஒட்டியிருக்க பொண்ணே, நானும் படிச்சேன். அவங்க குடிச்சிட்டு வரக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு? மைனஸ் இருபத்தாறுல வர்றான். அவனைத் தண்ணியில அமுக்கி, பின்னாடி வேற எதையோ சொருகப் போற. வாய் நனையாமலா மேல அனுப்புவேன்?”

ஏழு பேரின் மூச்சையும் குளிரில் தூக்கி நிறுத்தியது வடக்கத்தி வீரம்தானா, எல்வியின் காபியா என்று இனிச் சொல்ல வழியில்லை.

விஷயத்தைக் கேட்டும் பேராசிரியர் கலங்கவில்லை. அவர் கையிலும் ஒரு கோப்பை இருந்தது.

“எதுக்கும்மா பதறுறே? நம்ம ஆளுக்குக் காபிதான் இயல்பு நிலை. குடிக்காம இருந்தாத்தான் கோளாறு.”

“அப்ப காபி குடிச்சாங்கன்னு எழுதிடட்டுமா?”

“எழுதுவானேன்? இதை யாரு கேக்கப் போறா?”

“உப்சாலாவுல கேப்பாங்க.”

“அவங்களும் இதைக் குடிச்சிட்டுத்தாம்மா கேப்பாங்க. அனுப்பு. இல்லேன்னா வேலையும் போகும், என் பேரும் போகும்.”

“உங்க தொப்பியும்” என்றாள் ரைலி.

அன்று பிற்பகலே ஏழு பேரின் தாள்களையும் கட்டி, ‘செல்லாது’ என்று எழுதி அலமாரியில் வைத்தாள். உப்சாலாவுக்கு ஒரு பக்கக் கடிதம் போட்டாள். காபி எத்தனை கப் என்பது வரை அதில் இருந்தது. யால்மரியைத் துவட்டி, கம்பளி போர்த்தி, வேறொரு நாள் வரச் சொல்லி அனுப்பினாள்.

மறுபடி தொடங்கியபோது ஆட்களைப் பின்வாசல் வழியாக, கொதிகலன் அறையைக் கடந்து கூட்டிவந்தாள். எல்வி ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. ரைலியின் கடிதங்களை மட்டும் எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தட்டச்சு செய்தாள். காபி இல்லாமல் வந்தவர்கள் தலைவலியோடு வந்தார்கள். ஒருவர் தொட்டியில் அழுதார். தண்ணீரைப் பற்றி அவருக்குப் புகார் எதுவும் இல்லை.

“குளிர் பழக்கம்தான்” என்றார் யால்மரி, இரண்டாம் முறை இறங்கும்போது. “காலையில மனுஷனை இப்படிப் பட்டினி போட்டதில்ல யாரும்.”

எட்டு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்திருந்தார்கள். மூன்று பேர் புதியவர்கள். கடைசி அளவு மே 11-ஆம் தேதி எடுக்கப்பட்டது. குளிர்ந்த உடம்பில், கரியமிலவாயுவுக்கு எழும் மூச்சு எட்டு பேரிடமும் குறைந்தது. சராசரியாக மூன்றில் ஒரு பங்கு. உப்சாலா வேலை மார்ச் மாதமே ஸ்வீடனிலேயே லுண்ட் நகரைச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது.