கடப்பாசியில் வளர்வது

"என்ன அண்ணே, வீட்டுக்கு ஒரு பொட்டலம், டாக்டருக்கு ஒரு மூட்டையா? அவருக்கு வருஷம் பூரா நோன்பா லா?"

மளிகைக்கடை சீனி முகம்மது கேட்டதும் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜபருல்லாவும் சிரித்து வைத்தான். அவன் மனைவி சபூரா சிரிக்கவில்லை. மறுநாள் முதல் நோன்பு. நோன்புக் கஞ்சிக்குப் பிறகு இனிப்பாகக் காய்ச்சி உறையவைத்துச் சாப்பிடக் கடப்பாசி வாங்க வந்திருந்தாள். கணவன் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அதே கடப்பாசிதான் போகிறது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

சூலியா தெருவில் ரிக்‌ஷாக்களுக்கு ஒதுங்கி நடக்கும்போது கேட்டாள். "உங்க டாக்டர்கிட்ட யாரு இவ்வளவு திங்கிறா?"

"திங்க இல்ல. மாட்டுக்கறிச் சாறோட காய்ச்சிக் கண்ணாடிக் குழாயில ஊத்துவேன். கெட்டியாயிரும். அதுல கிருமி வளரும்."

"என்ன கிருமி?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளிடம் சொல்லிப் பழக்கமில்லை.

"ஆயிஷாவோடது."

இரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் மகள் சித்தி ஆயிஷா குடல் காய்ச்சலில் போனாள். டாக்டர் ஜெயராஜ் அவள் ரத்தத்திலிருந்து எடுத்த கிருமியும் அவர்கள் சந்துக் கிணற்றின் சேற்றில் எடுத்த கிருமியும் ஒன்றாக இருந்தன. அதைப் பற்றி அவர் எழுதியது லண்டனில் அச்சானது. கிணறுகளை மூடினார்கள். தெருவுக்குக் குழாய் வந்தது. அடுத்த மழைக்காலத்தில் அந்தச் சந்திலிருந்து சவத்தைச் சுமந்து ஒரு சந்தூக்கும் வெளியே போகவில்லை. கொழும்பிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் டாக்டர்கள் அந்தக் கிருமியைக் கேட்டு எழுதினார்கள். யாரிடமிருந்து எடுத்தாரோ அவர் பெயரையே கிருமிக்கு வைப்பது டாக்டர் ஜெயராஜின் வழக்கம். சித்தி ஆயிஷா என்று எழுதிய குழாய்களைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் அடைத்தவன் ஜபருல்லா. எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குக்கூடக் கடல் தாண்டிப் போகாத பிள்ளை, கப்பலேறி ரங்கூன் போனாள்.

பழைய கடப்பாசியில் விட்டுவைத்தால் கிருமி செத்துவிடும். புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்கு நிற்கும்போதுகூட, அது பசித்திருக்குமோ என்று அவனுக்குத் தோன்றும்.

சபூரா அந்த நோன்பு முழுதும் கடப்பாசி காய்ச்சவில்லை. பொட்டலம் பிரிக்காமல் அடுப்படியில் கிடந்தது.

மாதக் கடைசியில் டாக்டருக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல் வந்தது.

"புதுசா வர்றவர் உயிருள்ள கிருமி எதையும் வச்சிருக்க மாட்டாராம். எல்லாத்தையும் ஆவியில போட்டுக் கொன்னுடு" என்றவர், அவன் நகராமல் நிற்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உன்னால முடியலன்னா உன்கூட வேலை பாக்குற நல்லமுத்துவைப் போடச் சொல்றேன்."

"வேணாம் டாக்டரையா. நானே போடுறேன்."

வீட்டில் சொன்னான். சபூரா, "நான் வர்ற வரைக்கும் போடாதீங்க" என்றாள்.

மறுநாள் நண்பகலில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். ஆவிப்பானைக்குக் கீழே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் இருந்த, கிருமி வளர்க்கும் செம்புப் பெட்டியைத் திறந்து, தட்டில் மிச்சமிருந்த ஒரே குழாயை எடுத்து அவளிடம் காட்டினான். சரிவாக உறைந்த கடப்பாசியின் மேல், கண்ணாடியில் யாரோ மூச்சுவிட்டதுபோல ஒரு சாம்பல் படலம்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுவா அவளைக் கொன்னுச்சு? இதுக்கா சோறு போட்டீங்க?"

"அவ உடம்புலேருந்து வந்ததுல இது ஒண்ணுதான் உசுரோட இருக்கு, சபூரா."

அவள் குழாயை வாங்கவில்லை. திறந்து கிடந்த பெட்டிக்குள் கையை விட்டாள்.

"இது என்ன சூடு?"

"உடம்புச் சூடு. கீழ வெளக்கு எரியுது. கூடாம கொறையாம இருக்கும்."

"காய்ச்சக்காரங்க உடம்பா?"

"இல்ல. நல்லாயிருக்கிற உடம்பு."

ஆவிப்பானையின் மூடி தடதடக்கத் தொடங்கியது. ஜபருல்லா குழாயைப் பிடித்தபடி நின்றான். சபூரா திரும்பிப் பார்க்கவில்லை. வெறும் தட்டின் மேல், பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல உள்ளங்கையை விரித்து வைத்தாள். சூடு வெளியே போய்விடாதபடி, மற்றக் கையால் பெட்டியின் கதவைத் தன் மணிக்கட்டு வரை மெல்லச் சாத்தினாள்.