இடது பக்கத்து ஸ்பீக்கர்

மாமியார் வீட்டுச் சன்னலுக்கு வெளியே ஏணியில் நின்று கேமராவுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளேயிருந்து தலையை நீட்டினார். "மாப்பிள்ளை, இதுக்குப் பேசாம வாசல்ல ஒரு போர்டு எழுதி வெச்சிடலாமே. உள்ள நல்ல சாமான் இருக்கு, வந்து எடுத்துக்கங்கன்னு." எனக்குச் சுருக்கென்றது. கேமராவும் அலாரமும் மாட்டுவது என் தொழில். கடைகள், குடோன்கள், ஒரு பல் ஆஸ்பத்திரி என்று ஊரில் பாதிக்கு நான்தான் காவல். சொந்த மாமியாரிடம் மட்டும் என் பாச்சா பலிக்காது.

அத்தை ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் ஓட்டிய காலத்தில் அந்த டிப்போவில் வேறு பெண் டிரைவர் கிடையாது. இப்போதும் யாராவது பேசினால், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்து, சொல்வதில் எது உண்மை எது ஜம்பம் என்று பிரித்துவிடுவார். எஞ்சின் பக்கத்து இடது காது அந்த வேலையில் முக்கால்வாசி போய்விட்டது. வலதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வேறு யாராவது என்றால் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை நேராகக் கடைக்குப் போய், ஊரிலேயே நல்ல ஸ்டீரியோ செட் எது என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "காது போற நேரத்துல இது எதுக்கும்மா?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "போறதுக்குள்ள கேக்கணும்ல? போன அப்புறமா வாங்குவாங்க?" என்றார் அத்தை.

இரண்டு கையால் தூக்கினாலும் முதுகு பிடித்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பிளேயர், என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். சாயங்காலம் வீட்டு வேலை முடிந்ததும் அத்தை எதிரே நாற்காலியைப் போட்டு, வலது காதைச் சற்று முன்னால் கொடுத்து உட்காருவார். அப்போது பேச்சு மூச்சு கூடாது. எனக்குப் பாட்டு என்றால் வேலை செய்யும்போது பின்னால் ஓடுகிற சத்தம், அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்த அன்றுதான் ஒரு பாடகி வரியைத் தொடங்குவதற்கு முன் மூச்சை உள்ளே இழுப்பதைக் கேட்டேன். திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார், முகத்தில் அத்தனை நிம்மதி. எனக்கு அந்த மனுஷி மேல் சொல்ல முடியாத மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இதற்கிடையில் தெருவில் வரிசையாக வீடு புகுந்து திருட ஆரம்பித்தார்கள். பட்டப்பகலில், ஆள் இல்லாத வீடாகப் பார்த்து, டிவி, மியூசிக் செட் என்று தேடி எடுத்தார்கள். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தது. ஆஸ்பத்திரியிலும், பிறகு எங்கள் வீட்டிலும் என்று வீடு நெடுநாள் பூட்டிக் கிடக்கப் போகிறது. செட் போனால் இன்னொன்று வாங்க வழியில்லை. வழி வந்தாலும் அதுவரை அந்தக் காது காத்திருக்காது. அதனால்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். முன்னால், பின்னால், மாடிப்படியில் என்று கேமராக்கள். கதவிலும் சன்னலிலும் அலாரம். சுவரில் ஒரு சைரன், அலறினால் பிணமும் எழுந்து உட்காரும். மாட்டியதோடு விட்டேனா? எனக்குத் திருப்தியாகும் வரை காலையிலும் மாலையிலும் சைரனை அலறவிட்டு அலறவிட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் முதல் முறை செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். அப்புறம் சன்னலை மட்டும் சாத்திக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே போன் வந்தது. பின்சன்னல் கம்பி வளைந்து கிடப்பதாகச் சொன்னார் அதே பக்கத்து வீட்டுக்காரர். அலறியடித்துக்கொண்டு போனேன். "சைரன் அடிக்கலையா சார்?" என்றேன். "அடிச்சுது தம்பி. ரொம்ப நேரம் அடிச்சுது. நீங்கதான் டெஸ்ட் பண்றீங்கன்னு நினைச்சோம்" என்றார். பாவம், அவர் முகத்தில் நக்கல் துளியும் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தேவலை.

கூடத்தில் செட் வைத்திருந்த அலமாரி வெறுமையாக இருந்தது. அத்தை போர்த்தி வைத்திருந்த துணி தரையில் கிடந்தது. கூடவே நான்கைந்து தலையணைகள். பொருளைச் சுற்றி எடுத்துப்போக எடுத்தவன் அவசரத்தில் போட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். சுவரில் என் சைரன் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும். கேமராக்களையும், படம் பதிவாகும் பெட்டியையும் நறுவிசாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒயரைக்கூட விடவில்லை.

ஆஸ்பத்திரிப் படிகளில் ஏறும்போது எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. அத்தை காலை நீட்டிப் படுத்திருந்தார். கட்டிலின் வலது பக்கம் போய் நின்றேன். "அத்தை, வீட்டுல..." என்று தொடங்கினேன்.

அத்தை அந்தக் கண்ணாடிப் பார்வை பார்த்தார். "வந்துட்டானா?"

தலையை ஆட்டினேன்.

"உங்க சைரனையும் தூக்கிட்டுப் போயிட்டானா?"

அதற்கும் ஆட்டினேன். அத்தை சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் கால் வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. நர்ஸ் ஓடி வந்து அதட்டும்படி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாளே அத்தை செட்டைப் பிரித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார். துணிக்குக் கீழே இருந்ததெல்லாம் தலையணைதான். அவரோடு வருஷக்கணக்காக வண்டியில் வந்த பழைய கண்டக்டர்தான் தூக்கிக்கொண்டு போனவர். ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்டு பிளேயரும் கண்டக்டர் வீட்டில், வலது ஸ்பீக்கர் மருந்துக் கடைக்காரர் வீட்டில். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன். "சொன்னா அந்த வீட்டுக்கெல்லாம் போய்க் கேமரா மாட்டியிருப்பீங்க" என்றார். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. காலில் கட்டோடு படுத்திருக்கிற அந்த மனுஷிக்கு ஒரு சல்யூட் அடிக்கத் தோன்றியது.

"இடது ஸ்பீக்கர்?" என்று கேட்டேன்.

அத்தை போர்வையின் ஓரத்தை நீவிவிட்டார். "உங்க சின்னத்தை வீட்டுல."

நான் வாயைப் பிளந்தேன். சின்னத்தை அவருடைய ஒரே தங்கை. என் கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுக்கும்போது, "நீ கொஞ்சம் தள்ளு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்கட்டும்" என்று அத்தை சொன்னாராம். தங்கை தள்ளி நின்றவர் அப்படியே மண்டபத்தை விட்டே போய்விட்டார். அன்று நின்ற பேச்சு. நல்லது கெட்டது எதற்கும் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை.

"அவங்க எப்படி அத்தை வாங்கிக்கிட்டாங்க?"

"எது மேல், எது கீழ்னு மட்டும் கேட்டாளாம், கண்டக்டர் சொன்னாரு. அவ எங்கிட்ட பேச மாட்டா, மாப்பிள்ளை. ஆனா என் பொருளை ஒருத்தன் தொட விட மாட்டா."

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, நடை பழகி, தன் வீட்டுக்குத் திரும்பினார். எல்லாச் சாமானும் வந்து சேர்ந்தது, இடது ஸ்பீக்கரைத் தவிர. ஒற்றை ஸ்பீக்கரில் அத்தை ஒரு பாட்டைப் பாதி கேட்டுவிட்டு நிறுத்தினார். அடுத்த நாளும் அப்படித்தான். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார். ஏற்கனவே அது வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது. நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் சின்னத்தை வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவர். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. தையல் மெஷினை நிறுத்தாமலே பேசினார். "வெச்சவங்களை வந்து எடுத்துக்கச் சொல்லு."

"முழங்கால் ஆபரேஷன் சின்னத்தை. படி ஏறுறது கஷ்டம்."

மெஷின் நின்றது. ஆபரேஷன் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. ஒரு நிமிஷம் ஊசியையே பார்த்தார். பிறகு, "மெதுவா வரட்டும்" என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

வந்து சொன்னேன். அத்தை செருப்பைத் தேடினார்.

ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினார். மேலே கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து பாட்டுக் கேட்டது. தெளிவான, கனமான அந்தச் சத்தம் எனக்கு உடனே பிடிபட்டது. அத்தைக்குக் கொஞ்சம் மேலே ஏறிய பிறகுதான் கேட்டது. கைப்பிடியைப் பற்றிய விரல்கள் இறுகின.

சின்னத்தை தன் பழைய ரேடியோ செட்டின் குட்டி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அந்த ஒயரை இதில் சொருகியிருந்தார். ஸ்பீக்கர் மேல் தூசி துளி இல்லை. அதன் அளவுக்கு ஒரு உறைகூடத் தைத்து மடித்து வைத்திருந்தார். அத்தையை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இடது பக்கம் வந்து நின்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "கால் ரொம்ப வலிக்குதா அக்கா?"

அத்தை திரும்பவே இல்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னத்தை முகம் சுண்டிவிட்டது. "சரி, தூக்கிட்டுப் போங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கக் குனிந்தார். "சின்னத்தை, அந்தப் பக்கம் அவங்களுக்குக் காது கேக்காது" என்றேன். "இந்தப் பக்கமும் போயிட்டிருக்கு."

குனிந்தவர் அப்படியே நின்றார். ஒயர் கையில் இருந்தது. பிடுங்கவில்லை.

எங்களைப் பார்த்து ஏதோ நடக்கிறது என்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. "என்னடி சொன்னே?" என்றார், கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரலில். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. "மாப்பிள்ளை, இவ வீடு நல்ல இடம். திருடன் மூணு மாடி ஏறி இத்தனை கனத்தை இறக்க மாட்டான். போய் மிச்சத்தையும் எடுத்துட்டு வாங்க. ஆம்ப்ளிஃபயரைத் தலைகீழா பிடிக்காதீங்க."

"எல்லாத்தையுமா அத்தை? தினமும் இத்தனை படி ஏறுவீங்களா?"

"ஏறணும்னுதான் டாக்டரும் சொன்னாரு" என்றார். டாக்டர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

நான் இறங்கத் தொடங்கினேன். நான்கு படி போயிருப்பேன். மேலே சின்னத்தையின் குரல் உடைந்து, கத்தலாகக் கேட்டது: "எந்தக் காது அக்கா? எது கேக்கும்?"

அத்தை என்ன சொன்னார் என்று தெரியவில்லை. தரையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இழுபடும் சத்தம் மட்டும் வந்தது.