பரமசிவம் கட்டிய காமிக்ஸ் ஃபைல்

புதிதாக வரப்போகும் சூப்பர்ஹீரோ படத்துக்கு முன்னால் படிக்கவேண்டிய ஏழு காமிக்ஸ் என்று மகன் ஜெகன் வாங்கிக்கொண்டு வந்ததுதான் வம்பாகப் போயிற்று. டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசரான பரமசிவம் ஏழையும் ஒரே ஃபைலில் வைத்து நாடா கட்டிவிட்டார். படித்தவர் தேதியோடு கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் தரவேண்டும். மூன்று கையெழுத்தும் விழுந்தால்தான் டிக்கெட்.

"படம் பார்க்க எதுக்குங்க பரீட்சை?" என்று மனைவி அம்சவேணி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குக்கர் விசிலுக்கு நடுவே, எந்த முகமூடி யாருடையது என்று ஜெகனைக் கேட்டுக் கேட்டு அவளும் படித்துத் தொலைத்தாள்.

ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை சாணக்யபுரி தியேட்டருக்குப் போனால், வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் பார்க்க வந்தது நேற்றோடு போய்விட்டதாம்.

"உங்க ரெண்டு பேராலதான் லேட்டு," என்று ஆட்டோவில் கிட்வாய் நகர் வரை பொரிந்து தள்ளினார் பரமசிவம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்சவேணி ஃபைலைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். ஜெகனின் கையெழுத்தில் மூன்றாம் தேதி. அவளுடையதில் ஒன்பது. அவருடையதில் இருபத்தாறு.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நடுவுல ரெண்டு சனி ஞாயிறு வந்துடுச்சே," என்றார்.